எனக்குக் கிடைத்த விதவை வேடம்

தொலைக்காட்சி நாடகங்களில் பல வருடம் நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தவள். கதாநாயகி வீட்டுக்கு விருந்தாளி வந்தால் தட்டில் தண்ணீர் வைத்துவிட்டுப் போவேன். கல்யாணக் காட்சி என்றால் பின்வரிசையில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருப்பேன். ரவாங் தொழிற்சாலையில் லீவு கேட்டு, சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கி, சுங்கை சோவிலிருந்து கோலாலம்பூருக்கு ஓடி, நாள் முழுக்க மேக்கப்போடு காத்திருப்பேன். ஒளிபரப்பாகும்போது பார்த்தால் என் தோள் மட்டும் தெரியும்.

"தோளு நல்லா நடிச்சிருக்கு லா," என்பார் என் வீட்டுக்காரர். எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். கிண்டலுக்குக் குறைச்சல் இல்லை, ஆனால் படப்பிடிப்புக்கு என்னைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வந்ததும் அவர்தான்.

வெப் சீரிஸ் என்று கூப்பிட்டபோது எனக்குப் பெரிய மரியாதை வரவில்லை. புஞ்சாக் ஆலாமில் சினிமா படித்துவிட்டு வந்த நாலைந்து பிள்ளைகள், ஒரு கேமரா, சாப்பாட்டுக்கு நாசி லெமாக் பொட்டலம். போனில் பார்க்கிற நாடகம் ஒரு நாடகமா என்று நினைத்தேன். ஆனால் அவர்களில் டைரக்டராக இருந்த பெண் என்னிடம் கதையை முழுக்கச் சொன்னாள். அதுவரை யாரும் எனக்குக் கதை சொன்னதில்லை. தோட்டத்தில் புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி, எல்லாப் பாகத்திலும் வருகிறாள். அவளுக்குக் கோபம் உண்டு, வீம்பு உண்டு, பேச நிறைய உண்டு. உடனே சரி என்றேன்.

சபாக் பக்கம் ஆள் குடியில்லாத ஒரு லயத்தில், பழைய தோட்டத்து வரிசை வீடுகளில், படம் எடுத்தார்கள். சாவுக் காட்சிக்கு முன்னால் என் தாலியைக் கழற்றி, கூட வந்திருந்த என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கண்ணில் தைலம் தடவட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். காலியாக இருந்த சவப்பெட்டிக்குள் அவர் படுத்திருப்பதாக நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான், அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. வலது கையால் பெட்டியின் விளிம்பைப் பிடித்து, நெற்றியை அதில் முட்டி முட்டி அழுதேன்.

சாவுக் காட்சி முடிந்தால் நடித்தவர்களைச் சிரிக்க வைத்து ஒரு படம் எடுத்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். அது சினிமாக்காரர்கள் வழக்கம். அவரே வந்து என் நெற்றியில் பொட்டு வைத்தார். "சிரி லா, எனக்கு உசுரு இருக்கு," என்றார். திரும்பும்போது காரில், "யார நெனச்சி அப்படி அழுத?" என்று கேட்டார். "ஒங்களத்தான்," என்றேன். மனுஷனுக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் சாப்பாட்டுக் கடையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

அந்த அழுகையை மட்டும் வெட்டி யாரோ பரப்ப, போன் போனாக அது போனது. முன்பெல்லாம் வாய்ப்புக் கேட்டால், "போட்டோ அனுப்புங்க, பாக்குறோம்" என்பார்கள், அத்தோடு சரி. இப்போது அவர்களே கூப்பிட்டு, "லிங்க் பாத்தோம்க்கா, எப்ப வர்றீங்க?" என்றார்கள். நான் தண்ணீர் வைத்த அதே நாடகக் கம்பெனி அம்மா வேடத்துக்கு அழைத்தது. தோளை மட்டும் காட்டியவர்கள் முகத்துக்குப் பக்கத்தில் கேமராவைக் கொண்டுவந்தார்கள். எல்லாம் விதவை வேடம். "எத்தன தடவதான் என்னைக் கொல்லுவ?" என்று அவர் சிரிப்பார்.

கோலசிலாங்கூரில், செம்பனை ஆலைக்கு வெளியே லோரிகள் வரிசையில் நின்றபோது, ஸ்டியரிங்கில் சாய்ந்தபடி போய்விட்டார். மாரடைப்பு.

வீட்டு முன்னால் கூடாரம் போட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஓடிப்போய் விளிம்பைப் பிடித்தேன். பிடித்ததும் கை அதே இடத்தில், அதே மாதிரி இருப்பதைப் பார்த்துவிட்டேன். பின்னால் யாரோ, "அந்த சீரிஸ்ல அழுவாங்கல்ல, அவங்கதான்," என்றார்கள். கூட்டத்தில் ஒரு போன் உயர்ந்தது. கையை எடுத்துவிட்டேன். நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருந்தது, கண்ணில் ஒன்றும் வரவில்லை. அழுதால் அந்தப் படத்து அழுகைதானே வரும் என்று பயந்தேன்.

அவருடைய தங்கை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "படத்துல அப்படி அழுதீங்க அண்ணி. எங்க அண்ணனுக்கு ஒரு சொட்டு வரலையா?" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. கருமாதி முடிந்த பிறகு அவள் என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவளிடம் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவள் கேட்டதையேதான் நானும் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சமையலறையிலும் வரவில்லை, குளிக்கும்போதும் வரவில்லை. இருபத்தைந்து வருடம் கூட வாழ்ந்த மனுஷனுக்கு அழ முடியாமல் ஒருத்தி உயிரோடு இருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று யாரிடம் சொல்வேன்?

மாதங்கள் கழித்து அந்த டைரக்டர் பெண் மறுபடி கூப்பிட்டாள். விதவை என்றால் வரமாட்டேன் என்று முகத்திலடித்த மாதிரி சொன்னேன். "இல்லக்கா, இதுல ஒங்க புருஷன் நல்லா இருக்காரு. சண்ட போட்டுக்கிட்டே இருப்பீங்க, காமெடி," என்றாள். சரி என்று போனேன்.

முதல் காட்சியில் பெரிதாக ஒன்றுமில்லை. மேசையில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு உள்ளறைப் பக்கம் திரும்பி, "ஏங்க, சாப்பிட வாங்க" என்று கூப்பிட வேண்டும். போட்டேன். திரும்பினேன். "ஏங்க" என்றேன். அதற்குமேல் வரவில்லை. தட்டுக்குப் பக்கத்தில் தலையைப் போட்டு அழுதேன். மூக்கு ஒழுகியது, குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது, நிறுத்த முடியவில்லை. யாரும் கட் சொல்லவில்லை.

பிறகு அந்தப் பெண் என்னைக் கட்டிக்கொண்டு, "அக்கா, இத வச்சிக்கலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். என் வாய் சரி என்றது. வைத்துக்கொண்டாள். அதற்காகக் கதையை மாற்றினாள், அந்தப் புருஷனையும் சாகடித்தாள்.

முந்தையதைவிட இது அதிகம் பரவியது. தமிழ்நாட்டிலிருந்துகூட ஒரு படத்துக்குக் கேட்டிருக்கிறார்கள். வெளியான வாரம் வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது, அவருடைய தங்கையிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. அவர் போன பிறகு அவளிடமிருந்து வந்த முதல் செய்தி. பார்த்திருக்கிறாள், இப்போதாவது புரிந்திருக்கும் என்று அவசரமாகத் திறந்தேன்.

"நல்லா நடிச்சிருக்கீங்க அண்ணி," என்று எழுதியிருந்தாள்.