ஆசிட்டில் ஊறிய எலும்பு

எங்க அக்கா லிஃப்ட் மெக்கானிக். பாதி மாடியில லிஃப்ட் நின்னுபோய் உள்ளேயிருந்து அலறுறவங்களை, "கத்தாதீங்க, காத்து வருது, சாக மாட்டீங்க"ன்னு அதட்டியே வெளிய எடுப்பா. சிகரெட் வாடையே அவளுக்கு ஆகாது. அவளுக்குப் போய் நுரையீரல்ல புற்றுநோய்! இடுப்பெலும்பு வரைக்கும் பரவிடுச்சு.

இந்த ஆஸ்பத்திரியிலேயே புதுசா ஒரு மாத்திரையைச் சோதிச்சுப் பாக்குறாங்க, குறிப்பிட்ட ஒரு மரபணு மாறியிருக்கவங்களுக்குத்தான் அது வேலை செய்யும்னு டாக்டர் சொன்னார். அக்காவுக்கு அந்த மாற்றம் இருக்கான்னு பாக்க, இடுப்பெலும்புல ஊசி குத்தி ஒரு துண்டு எடுத்தாங்க. வலியில அவ புடிச்ச புடியில என் கையில நகம் பதிஞ்சுடுச்சு.

கொஞ்ச நாள் கழிச்சு, "சாம்பிள் சரியில்ல, திரும்ப எடுக்கணும்"னாங்க. ஏன்னு கேட்டா ஆளுக்கொரு பக்கம் பாக்குறாங்க. விடாம நச்சரிச்சப்புறம்தான் லேப்காரர் வாயைத் திறந்தார். மைக்ராஸ்கோப்புல பாக்குறதுக்கு எலும்பை அப்படியே மெல்லிசா நறுக்க முடியாதாம். அதனால வழக்கமா ஆசிட்ல ஊறவைச்சு இளக்குவாங்களாம். அதுல ஊறினா மரபணு சிதைஞ்சுடும்.

"தெரிஞ்சுமா போட்டீங்க?"

"எலும்புன்னு வந்துச்சு சார். கைப்பழக்கத்துல போட்டுட்டாங்க."

கைப்பழக்கமாம்! மேசையை ஓங்கி அடிச்சேன். அக்காதான் என் சட்டையைப் புடிச்சு இழுத்தா. "டேய், சும்மா இரு. நீ கத்தினா போன எலும்பு திரும்பி வருமா?"

மறுபடி போய்ப் படுத்தா. மறுபடி குத்தினாங்க.

இந்தத் தடவை முடிவு ஒழுங்கா வந்துச்சு. அந்த மாற்றம் இருக்கு! "பாத்தியாடா, என் கோணல் ஜீனுக்கும் ஒரு கிராக்கி"ன்னு அக்கா சிரிச்சா. டாக்டர் சிரிக்கல. மாத்திரைச் சோதனைக்கு வேண்டிய அத்தனை ஆளுங்களும் போன வாரமே சேர்ந்து முடிஞ்சுட்டாங்களாம்.

"முதல் சாம்பிள் கெடாம இருந்திருந்தா?"ன்னு கேட்டேன்.

"சேர்த்திருப்போம்"னார், தலையைத் தூக்காமலே.

தனியாவாவது அந்த மாத்திரையை வாங்கிக் குடுங்கன்னு கெஞ்சினேன். கம்பெனி ஒத்துக்காதாம்.

அக்கா, "எனக்குப் பதிலா கடைசியா சேர்ந்தவங்களாவது நல்லா இருக்கட்டும்"னு சொல்லிட்டு, இடுப்பைப் புடிச்சுக்கிட்டு எழுந்தா.

எனக்கு அவ்வளவு பெரிய மனசெல்லாம் கிடையாது. மாத்திரை அதே ஆஸ்பத்திரிக் கட்டடத்துலதான் இருக்கு. எங்க அக்காவுக்கு மட்டும் இல்ல.