காரணம்: சும்மா

1

எங்கள் ஹோட்டலில் லீவு வேண்டுமென்றால் யாராவது சாக வேண்டும். இல்லையென்றால் யாருக்காவது கல்யாணம் ஆக வேண்டும். அதற்கும் மூன்றே நாள், சம்பளம் கிடையாது. கிச்சன் மாஸ்டர் பாண்டி அண்ணன் தன் பெரியப்பாவை மூன்று தடவை சாகடித்திருக்கிறார். அந்தப் பெரியப்பா வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் வாழைப்பழம் விற்றுக்கொண்டு திடமாக இருந்தார்.

நான் கொடைக்கானலில் அந்த ஹோட்டலில் ஏழு வருடமாக ஹவுஸ்கீப்பிங். ஒரு நாளைக்குப் பதினான்கு ரூம். ஊரெல்லாம் லீவு போட்டுவிட்டு மலைக்கு வந்து படுத்துத் தூங்கும். அந்தப் படுக்கையை உதறிப் போடுகிற எங்களுக்கு மட்டும் லீவு என்ற பேச்சே ஆகாது.

என் மகள் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். போன இரண்டு தடவையும் அவள் வந்தபோது நான் ஹோட்டலில் கிடந்தேன். அவளே சமைத்துத் தின்றுவிட்டுப் பஸ் ஏறினாள். ஜூலைக் கடைசியில் பத்து நாள் வருகிறேன் என்றாள். ஜூன் முதல் வாரமே லீவு ஃபாரம் கொடுத்துவிட்டேன். காரணம் என்ற இடத்தில் 'சும்மா' என்று எழுதினேன்.

மானேஜர் கூப்பிட்டார். "ஏம்மா செல்வி, வீட்ல யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல சார். எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க."

"அப்புறம் எதுக்கு லீவு?"

"மக வர்றா. அவகூட சும்மா இருக்கணும்."

"நீ சும்மா இருக்க நான் சம்பளம் குடுக்கணுமாக்கும்?"

"ஆமா சார். சட்டமே இருக்கு."

சிரித்தார். பைலிலிருந்து ஒரு பேப்பரை எடுத்துப் போட்டார். "அது ஒரு வருசம் தொடர்ந்து வேலை பாத்தவங்களுக்கு. நீ ஒரு வருசம்கூட முடிச்சதில்ல. பாரு, உன் கையெழுத்துதான்."

2

அதற்குப் பெயர் பிரேக். பதினொரு மாதம் முடிந்ததும் ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்குவார்கள். பத்து நாள் வேலையில் இல்லை, பிறகு புதிதாகச் சேர்ந்தோம் என்று அதில் இருக்கும். அந்தப் பத்து நாளும் வேலை பார்த்துக்கொண்டுதான் இருப்போம். படிக்காமல் கையெழுத்துப் போட்டது என் முட்டாள்தனம். படிக்கவிடாமல் வாங்கியது அவர்களுடைய அயோக்கியத்தனம்.

"பேசாம ஒரு சித்தப்பாவ முடிச்சுவிட்டுட்டுப் போ செல்வி. வெரசா முடியும் சோலி" என்றார் பாண்டி அண்ணன்.

"எங்க வீட்ல யாரும் சாக வேணாம்ணே."

மறுநாள் ரிசப்ஷன் சுவரில் ஒரு பிரேமைத் துடைத்தேன். தினமும் துடைக்கிற பிரேம்தான். போன மே மாதம் தங்கிய ஒரு குடும்பம் எழுதிக் கொடுத்த பாராட்டு. மானேஜரே பெருமையாகக் கண்ணாடி போட்டு மாட்டியது. 'கீசர் ஓடவில்லை. செல்வி அக்கா விடியற்காலையில் வாளி வாளியாக வெந்நீர் கொண்டுவந்தார்.' கீழே தேதி. என் பிரேக்கின் நான்காவது நாள்.

சீசன் உச்சத்தில் எனக்கு பிரேக் போட்ட புத்திசாலி அவர்.

தொழிலாளர் துறைக்கு மனு எழுதினேன். முதல் கையெழுத்து என்னுடையது. பாண்டி அண்ணன் இரண்டு நாள் யோசித்துவிட்டு அடுத்ததைப் போட்டார். பிறகு ஆறு பேர் போட்டார்கள்.

3

ஜூலை நடுவில் ஆய்வாளர் மேடம் வந்தார். மானேஜர் அதே பேப்பரை நீட்டினார். "இந்தம்மா அந்தப் பத்து நாளும் வேலைலயே இல்ல மேடம்."

"மேடம், உங்களுக்குப் பின்னாடி மாட்டியிருக்கறத வாசிங்க" என்றேன்.

திரும்பிப் பார்த்துச் சத்தமாகவே வாசித்தார். பேப்பரில் இருந்த தேதியையும் பார்த்தார்.

"வேலைல இல்லாதவங்க ஏன் சார் வெந்நீர் தூக்குனாங்க?"

மானேஜர் இழுத்தார். "அது... ஒரு பாசத்துல வந்திருப்பாங்க மேடம்."

"பாசத்துல பதினாலு ரூமும் கூட்டுனாளா சார்?" என்றார் வாசலில் நின்ற பாண்டி அண்ணன்.

மேடமே சிரித்துவிட்டார். சிரித்த கையோடு எல்லாருடைய பிரேக் பேப்பரையும் கொண்டுவரச் சொன்னார். எதுவும் செல்லாது என்று அடுத்த வாரமே துறையிலிருந்து எழுத்தில் வந்தது. எல்லாருக்கும் சம்பளத்தோடு லீவு.

என் ஃபாரத்தில் கையெழுத்துப் போடும்போது மானேஜர் கெஞ்சினார். "காரணத்தையாவது மாத்தி எழுதும்மா. ஹெட் ஆபீசுக்குப் போகும்."

"போகட்டும் சார்."

பத்து நாளும் மழை. நானும் மகளும் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினோம். அவள் கம்பெனியில் என்னென்ன பேப்பரில் கையெழுத்து வாங்குகிறார்கள் என்றும் கேட்டுக்கொண்டேன்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். லீவு கேட்கப் பொய் சொல்லாதீர்கள். அது உங்களுடைய லீவு.

அடுத்த மாதம் பாண்டி அண்ணன் லீவு ஃபாரம் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்: 'பெரியப்பா உயிரோடு இருக்கிறார். பார்த்துவிட்டு வருகிறேன்.'