எந்தக் கையில் திராட்டில்?

1. பெரிய பெட்டி

"ஏனுங் அம்மிணி, ஏரோப்ளேன் ஓட்டற குச்சி வெச்சிருக்கீங்களா?"

இப்படிக் கேட்டுக்கொண்டுதான் துரைசாமி அண்ணன் கடைக்குள் வந்தார். எருத்தேம்பதி பக்கம் வயலும் தென்னந்தோப்பும் வைத்திருப்பவர். தோப்புக்குக் கேமரா வாங்கிய பழக்கத்தில் என்னைத் தெரியும். நான் கொழிஞ்சாம்பாறையில் ஒரு கம்ப்யூட்டர் கடையின் கவுண்டரில் நிற்கிறேன். வேலைக்குச் சேர்ந்தபோது என் பையன் ஒன்றாம் வகுப்பு. இப்போது அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இத்தனை காலத்தில் ஜாய்ஸ்டிக்கைக் குச்சி என்று கேட்டவர் இவர் ஒருவர்தான். ஆனால் யோசித்தால் அது குச்சிதானே.

அண்ணனுக்குப் பின்னால் அவர் மகள் தாரணி நின்றாள். வெளி மாநிலத்தில் பைலட் படிப்பு படிக்கிறாள். லீவுக்கு வந்திருந்தாள்.

ஃப்ளைட் சிமுலேஷன் விளையாடுகிறவர்கள் எங்கள் கடைக்கு அவ்வப்போது வருவதுண்டு. அவர்களிடம் நான் வழக்கமாகக் கேட்பது மூன்று. போர் விமானமா, பயணி விமானமா? மேஜை எவ்வளவு அகலம்? காலால் மிதிக்கும் ரட்டர் பெடல் வேண்டுமா, கைப்பிடியைத் திருகினாலே போதுமா? அதன் பிறகு, கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒரு பிரசங்கம் செய்வேன். பட்டன் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். ஸ்டிக்கைத் தொடாமல் விட்டுவிட்டு, திரையில் புள்ளி நடுங்குகிறதா என்று பாருங்கள். நடுங்கினால் அதன் சென்சார் சீக்கிரம் தேய்கிற ரகம். திராட்டிலைப் பாதியில் விட்டால் பாதியிலேயே நிற்க வேண்டும். தானாகச் சரிந்தால் அது பொம்மை. விமானத்தின் பவர் முழுக்க அந்த ஒரு லீவரில்தான் இருக்கிறது.

பிரசங்கத்தை முழுக்கக் கேட்டுவிட்டு அண்ணன் மேல் தட்டில் இருந்த பெட்டியைக் காட்டினார். "பெருசா ஒண்ணு இருக்குதில்ல, அத எடுங்க."

அது போர் விமான செட். வலது கைக்கென்றே வார்த்த ஸ்டிக், இடது கைக்குத் தனியாகத் திராட்டில், இரண்டிலும் சேர்த்து ஒரு கல்யாணப் பந்தலுக்குப் போதுமான விளக்குகள்.

"சாதாரணமானது போதுங்கப்பா" என்றாள் தாரணி.

"நீ சும்மாரு கண்ணு. ஓட்டறது ஏரோப்ளேனு. குச்சி சோளத்தட்டாட்டம் இருந்தா ஆச்சா?"

அதற்குமேல் யார் வாதாடுவது. பெட்டியை ஜீப்பில் ஏற்ற அண்ணன் வெளியே போனதும், தாரணி கவுண்டர் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கு இது வெளையாட இல்லீங்க்கா. என்னைத் தனியாப் பறக்க உட மாட்டேங்கறாங்க. எறங்கறப்ப தரைகிட்ட வந்ததும் என்ற கை என்ற பேச்சக் கேக்கறதில்ல. பவர் குடுன்னு சார் சொல்றாரு, நா கொறச்சுடறேன். பயம்னு எழுதிட்டாரு. லீவு முடிஞ்சு போனதும் ஒரே ஒரு டெஸ்ட். அதுலயும் இப்படித்தான்னா ஊட்டுக்குப் போகச் சொல்லிருவாங்க. அப்பாவுக்குத் தெரியாது."

நன்றாகப் பழகிக்கொள் கண்ணு என்றேன். வெளியே அவள் அப்பா, பெட்டியை எப்படி வைத்தால் அடிபடாது என்று ஜீப்புக்குள் முக்கால் உடம்பை நுழைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார்.

2. திரும்பி வந்த பெட்டி

அந்த வாரமே தாரணியோடு பெட்டி திரும்பி வந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பிரித்த பெட்டியைத் திருப்பி எடுப்பதில்லை என்று வாசலிலேயே எழுதி மாட்டியிருக்கிறோம்.

"என்ன கண்ணு, ஸ்டிக் நடுங்குதா?"

"இல்லீங்க்கா. எல்லாம் அருமையா இருக்குது. ஒருக்காக்கூடத் தப்பு வர்ல. பூவாட்டம் எறங்குது."

"அப்பறம் என்ன? சந்தோசந்தானே?"

"அதுதாங்க்கா கெட்டது. தப்பு இங்க வந்தாத்தானே இங்க சரி பண்ண முடியும்?"

பிறகு அவளே நிதானமாக விளக்கினாள். அவள் பழகும் சின்ன விமானத்தில் மாணவர் இடப்பக்கம் உட்கார வேண்டும். விமானத்தைத் திருப்புவது இடது கை. திராட்டில் நடுவில் இருக்கிறது, அதைப் பிடிப்பது வலது கை. நான் விற்ற செட்டில் எல்லாம் தலைகீழ்: வலது கையில் ஸ்டிக், இடது கையில் திராட்டில். இத்தனை பேருக்கு இத்தனை செட் விற்றிருக்கிறேன், எந்தக் கைக்கு எது வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்க ஒரு கேள்வி இருக்கிறது என்றே தோன்றியதில்லை.

அசல் விமானத்தில் இருப்பதுபோல யோக் என்று ஒன்று உண்டு, பாதி ஸ்டீயரிங் மாதிரி இருக்கும். அதை ஆர்டர் போட்டால் வந்து சேர்வதற்குள் இவள் லீவு முடிந்துவிடும். கடையில் இருந்தது டெமோவுக்கு வைத்திருந்த ஒரு பழைய மாடல் ஸ்டிக். இரண்டு பக்கமும் ஒரே வடிவம், எந்தக் கையாலும் பிடிக்கலாம். விளக்கு கிடையாது, பந்தல் கிடையாது. அண்ணன் சொன்ன சோளத்தட்டு அதுதான். அதை இடப்பக்கமும் ஒரு சாதா திராட்டிலை வலப்பக்கமும் வைத்தால் அவள் விமானத்தின் கணக்கு சரியாக வரும்.

எங்கள் மலையாளி முதலாளி உண்ணியேட்டன் உள்ளே இருந்து எட்டிப் பார்த்தார். "பாக்ஸ் பொட்டிச்சதாணல்லோ கோமதி. திருப்பி எடுக்கில்லன்னு போர்டு உண்டு."

"உண்டுங்க ஏட்டா. இந்தப் பொண்ணு பறக்கணும், அதுவும் உண்டு" என்றேன். எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று தெரியவில்லை.

அவர் தாரணியைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார். "போர்டு அவிட நிக்கட்டே" என்று பெட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, பக்கத்து பேக்கரிக்கு எல்லோருக்கும் டீயும் பழம்பொரியும் சொன்னார்.

3. கவுண்டரில் விழுந்த விமானம்

கவுண்டரிலேயே மானிட்டரைத் திருப்பி வைத்து செட் பண்ணினேன். ஜீப்பை நிறுத்திவிட்டு வந்த அண்ணன் மகளுக்குப் பின்னால் கை கட்டி நின்றார். தாரணி ஏறினாள், திருப்பினாள், ஓடுபாதைக்கு நேராக வந்தாள். பார்க்கவே அழகாக இருந்தது. டீ கொண்டுவந்த பேக்கரிக்காரர் டம்ளரை நீட்ட மறந்து நின்றார்.

தரை நெருங்கியது. விமானம் கொஞ்சம் அதிகமாகவே கீழே அமுங்கியது. அப்போது பவர் கொடுக்க வேண்டும், அதாவது திராட்டிலை முன்னால் தள்ள வேண்டும். அவள் வலது கை வெடுக்கென்று அதைத் தன்பக்கம் இழுத்தது. இன்ஜின் சத்தம் அடங்கி, விமானம் பொத்தென்று ஓடுபாதைக்கு முன்னாலேயே விழுந்தது. மறுபடி ஏறினாள். மறுபடி அதே இடத்தில் அதே இழுப்பு.

தாரணி ஸ்டிக்கை விட்டுவிட்டாள். "பாத்தீங்களா அக்கா, இங்கயும் வந்துருச்சு. எனக்குப் பயந்தான். அப்பா, நா உங்ககிட்ட சொல்லல. என்னை இன்னும் தனியா உடலீங்கப்பா. அடுத்த டெஸ்ட்ல அனுப்பிருவாங்க."

நான் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை. அவர் என்ன சொல்லித் தேற்றுவார் என்று காத்திருந்தேன். அவருக்குத் தேற்றத் தெரியாது போலிருக்கிறது. "எந்திரி கண்ணு, என்னதான் இருக்குது அதுலன்னு நானும் ஒருக்காப் பாக்கறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

இடது கையில் ஸ்டிக், வலது கையில் திராட்டில். எது ஏற்றம், எது இறக்கம், எது பவர் என்று தாரணி சொல்லிக் கொடுத்தாள். "தள்ளினாப் பவருங்கப்பா." சரி சரி என்று தலையாட்டினார். வானத்திலேயே தொடங்கும்படி நான் வைத்துக் கொடுத்தேன். பாலக்காட்டுக் கணவாய் எங்கே, நம்ம தோப்பு எங்கே என்று அவர் தேடியதில் விமானம் ஓடுபாதையை விட்டு எங்கோ போனது. ஒரு வழியாகத் திருப்பிக் கொண்டுவந்தோம்.

தரை நெருங்கியது. விமானம் அமுங்கியது. அண்ணன் கொஞ்சமும் தயங்காமல், உடம்பை முன்னால் கொடுத்து, திராட்டிலை முழுசாகத் தன்பக்கம் இழுத்தார். பொத்.

"என்னங் அம்மிணி இது, ஆக்ஸிலேட்டர் பூராத்தையும் இழுத்துட்டேன், வண்டி எந்திரிக்கவே மாட்டேங்குது" என்றார் என்னிடம். நான் விற்றதில்தான் ஏதோ கோளாறு என்கிற தோரணை.

உண்ணியேட்டன் சிரித்தார். நான் சிரித்தேன். பழம்பொரித் தட்டை வைத்துக்கொண்டு பேக்கரிக்காரர் குலுங்கினார். தாரணியும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். திடீரென்று நிறுத்திவிட்டாள். அப்பாவின் வலது கையையே பார்த்தாள்.

"அப்பா, மறுக்காச் செய்யுங்க."

அவர் மறுபடி செய்தார். அதே இடம், அதே இழுப்பு.

"நம்ம வண்டிப்பா" என்றாள். "சேத்துழவுல வண்டி அமுங்குனா இழுப்பமே, அந்த இழுப்பு."

அவர்கள் வீட்டுப் பழைய டிராக்டரில் கை ஆக்ஸிலேட்டர் ஸ்டீயரிங்குக்கு வலப்பக்கம் இருக்கிறது. சேற்றைக் கலக்கும் ரோட்டவேட்டரை மாட்டி ஓட்டும்போது காலால் மிதித்துக்கொண்டே இருக்க முடியாது, அந்த லீவரில்தான் வேகம் வைப்பார்கள். சேற்றில் இன்ஜின் திணறினால் லீவரைத் தன்பக்கம் இழுக்க வேண்டும். இழுத்தால் வேகம் கூடும். தாரணி பள்ளிக்கூடம் படிக்கும்போதிலிருந்து அந்த வண்டியை ஓட்டியிருக்கிறாள். இடது கை ஸ்டீயரிங்கில், வலது கை லீவரில். மேலே பறக்கும்போது யோசித்துத் தள்ளுகிறாள். கீழே ஏதாவது அமுங்கினால் யோசிக்க நேரமில்லை, கை வயலுக்குப் போய்விடுகிறது. இடது கையில் திராட்டில் வைத்துப் பழகியபோது தப்பே வராததற்கும் இதுதான் காரணம். இடது கைக்குச் சேற்றுழவு தெரியாது.

"அப்ப இது பயம் இல்லீங்க்கா" என்றாள் தாரணி. அதைச் சொல்லும்போது அவள் முகம் இருந்த இருப்பை நான் இப்போது நினைத்தாலும் எனக்கு மனசு நிறைந்துவிடுகிறது. "பயமே இல்லீங்க்கா."

4. இன்வர்ட்

என் தொழில் புத்தி சும்மா இருக்குமா. "இதுக்கு ஒரே ஒரு டிக் போதும் கண்ணு. செட்டிங்ஸ்ல இன்வர்ட்னு இருக்குது. போட்டா இழுத்தாப் பவர் ஏறும்" என்று மவுஸைக் கையில் எடுத்தேன்.

"பிளேன்ல இன்வர்ட் இல்லீங்களே அக்கா."

வாஸ்தவம். மவுஸைக் கீழே வைத்தேன். அண்ணன் மட்டும் அந்த வார்த்தையை விடவில்லை. இன்வர்ட் என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் டீயைக் குடித்தார்.

"பிளேன்ல இல்லாட்டிப் போகுது. டிராக்டர்ல பண்ணிக்கலாமில்ல?"

நான் விளையாட்டாகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். மனிதர் நேராக மெக்கானிக்கிடம் போயிருக்கிறார். லீவருக்கு அடியில் இருக்கும் கம்பியை மாற்றி மாட்டினால் போதுமாம். மெக்கானிக், உங்களுக்கு என்னங்ணா ஆச்சு என்று கேட்டதற்கு, "எம் பொண்ணு ஏரோப்ளேன் ஓட்டறா, நீ கம்பியப் பாரு" என்றிருக்கிறார். மறுநாளே அந்த டிராக்டரில் தள்ளினால்தான் வேகம்.

மீதி லீவு முழுக்கத் தாரணிக்குக் காலையில் வயல், சாயந்தரம் மேஜை. இரண்டு இடத்திலும் தள்ளு. நடுவில் எனக்கு ஒரு போன் வரும். "அக்கா, இன்னைக்கு ஒரு தடவதான் இழுத்தேன்." அடுத்த நாள், "அக்கா, இன்னைக்கு அப்பாதான் இழுத்தாரு, நா இழுக்கல." அப்பாவும் மேஜையில் உட்கார ஆரம்பித்துவிட்டார் என்று தெரிந்தது. லீவு முடிந்து அவள் ரயில் ஏறியபோது ஸ்டிக்கைக் கொண்டுபோகவில்லை. அதை அண்ணன் விடவில்லை.

டெஸ்ட் அன்று நான் கடையில் ஒரு வேலையும் ஒழுங்காகச் செய்யவில்லை. பிரிண்டர் கேட்டவருக்கு ஸ்பீக்கர் எடுத்துக் கொடுத்தேன். மத்தியானம் அண்ணன் போன் செய்தார். குரலில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அம்மிணி, பொண்ணு தனியா ஏறுனா."

"அப்பறங்ணா?"

"தனியா எறங்கிட்டா."

உண்ணியேட்டன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, விஷயத்தைக் கேட்காமலேயே பேக்கரிக்குக் கைகாட்டினார்.

கவுண்டரில் புதிதாக நிற்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஜாய்ஸ்டிக் கேட்டு யார் வந்தாலும் முதல் கேள்வி, எந்தக் கையில் திராட்டில்? இரண்டாவது கேள்வி, வேறு என்ன வண்டி ஓட்டுவீர்கள்? சிரிப்பார்கள். சிரிக்கட்டும், பதில் வாங்காமல் பெட்டியை எடுக்காதீர்கள். மேஜை அகலத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

போன அறுவடை முடிந்து என் தம்பி அண்ணனின் டிராக்டரை உழவுக்கு வாடகைக்கு எடுத்தான். சேற்றில் வண்டி திணறியதும் லீவரை இழுத்திருக்கிறான். இன்ஜின் நின்றே போனது. என்ன வண்டி வெச்சிருக்காரு அந்தாளு என்று என்னிடம் வந்து கத்தினான். அண்ணனைப் பார்த்தபோது சொன்னேன். "பொண்ணுதான் பாஸாயிட்டாளே, கம்பிய மறுக்காப் பழையபடி மாத்திரலாமில்லீங்ணா?"

அவர் என்னை ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அவ லீவுக்கு வந்தா ஓட்டுவாளுங்களே அம்மிணி."