மரத்தில் தேவதூதரைக் கண்டவரின் புத்தகம்

செவ்வாய்க்கிழமை காலை 7.40க்கு நானும் மகள் துஷாவும் விட்பியில் ரயில் ஏறினோம். நகர நடுவிலுள்ள யூனியன் நிலையத்துக்கு ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர். ஒருவருக்கு ஒரு வழிக்கு ஒன்பது டொலர் சொச்சம். நான் வேலைக்கு லீவு போட்டிருந்தேன்.

துஷா பல்கலைக்கழகத்தில் கணக்கியல் இரண்டாம் வருடம். அதை விட்டுவிட்டு, இருநூறு வருடத்துக்கு முன் லண்டனில் இருந்த ஓர் ஆங்கிலக் கவிஞரைப் பற்றிப் படிக்கப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவர் ஓவியருமாம். வெள்ளிக்கிழமைக்குள் பிரிவு மாற வேண்டும். "நீங்கள் ஓம் எண்டாத்தான் மாறுவன்" என்று பொறுப்பை என் தலையில் வைத்துவிட்டாள். அவர் கைப்பட அச்சடித்த புத்தகம் ஒன்று பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறதாம். அதைக் கண்ணால் காணாமல் ஓமும் சொல்வதில்லை, இல்லையும் சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன்.

வழியில் பிக்கறிங் நிலையத்தில், எங்கள் கோயிலில் தேவாரம் பாடும் மனோகரி ஏறி எதிரே இருந்தாள்.

"என்ன அண்ணை, வேலை நாளில அப்பாவும் மகளும் எங்க?"

சொன்னேன். "அவர் சின்ன வயசில ஒரு மரம் நிறைய ஏஞ்சல்ஸைக் கண்டவர், அன்ரி" என்றாள் துஷா.

"உவரை அப்பவே டொக்டரிட்டக் காட்டியிருக்கலாம்!"

"போன திருவிழாவில முருகன் உங்களைப் பார்த்துச் சிரிச்சவர் எண்டு நீங்கள் சொல்லேல்லையோ?" என்றேன்.

"அது வேற, அண்ணை. எனக்குச் சம்பள வேலை இருக்கு."

அவள் சிரித்தாள். அந்தக் கடைசிச் சொல் எனக்குத் தைத்தது. தேவதூதரைக் கண்டதில் எனக்கு ஒரு பயமும் இல்லை. கண்டவர் எப்படிச் சாப்பிட்டார் என்பதுதான் பயம்.

யூனியனில் சப்வே ரயிலுக்கு மாறி, சென்ட் ஜோர்ஜில் இறங்கிப் பத்து நிமிட நடை. பத்து மணிக்கு நூலகம் திறந்தது. பையை வெளியே பூட்டச் சொன்னார்கள். கை கழுவச் சொன்னார்கள். பேனா கூடாது, பென்சில்தான். கோயிலுக்குள் போகும் ஒழுங்கு மாதிரியே இருந்தது.

நூலக அம்மா புத்தகத்தை ஒரு மெத்தையில் வைத்தார். உள்ளங்கையளவு தாள்கள். எழுத்தைச் சுற்றிக் கொடி, கொடியில் பிள்ளைகள், சுவாலை. இன்று காலை பூசியது போன்ற நீலம். எங்களுக்குப் புத்தகம் என்றால் தொட்டுக் கண்ணில் ஒற்றுவதுதானே வழக்கம். என் கை தானாக நெற்றிக்குப் போய்க் கும்பிட்டுவிட்டுப் புத்தகத்துக்கு வந்தது. விரலெல்லாம் நெற்றித் திருநீறு.

நூலக அம்மாவின் கை குறுக்கே விழுந்தது. "அப்பா! என்ன செய்யிறியள்?" துஷாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் போல இருந்தது. போகவில்லை. திரும்பவும் கை கழுவி, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நின்றேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், வந்த காரணத்தைச் சொன்னேன். அதன் பிறகு அந்த அம்மாவே எனக்காக ஒவ்வொரு தாளாகத் திருப்பினார்.

நான் ஸ்காபரோவில் லேபல் அச்சடிக்கும் மெசின்காரன். எங்கள் தகட்டில் எழுத்து மேலெழும்பி, இடம்வலம் மாறி நிற்கும். "இவர் எழுத்தையெல்லாம் கையாலேயே இடம்வலம் மாத்தி எழுதினவரோ?" என்று கேட்டேன். அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. ஆம், செப்புத் தகட்டில் அமிலம் தின்னாத மையால், கண்ணாடியில் தெரிவதுபோல எழுதி, மற்ற இடத்தை அமிலத்தால் அரிக்கவிட்டு அச்சடித்தாராம். மனைவியும் கூட இருந்து வர்ணம் பூசினாவாம்.

"சாப்பாட்டுக்கு?"

மற்றவர்கள் கீறிய படங்களைக் கூலிக்குச் செதுக்கிக் கொடுத்தாராம். கடைசிவரை வசதி வரவில்லையாம். தன் புத்தகத்தை மட்டும் அவர் விடவில்லையாம்.

"நீ என்ன வேலை செய்வாய்?" என்று துஷாவை அங்கேயே கேட்டேன்.

"தெரியாது, அப்பா. கிடைக்கிற வேலையைச் செய்வன். இதை விடமாட்டன்."

பொய் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்தது.

பின்னேரம் 2.30 ரயிலில் திரும்பினோம். எங்கள் வீட்டுச் சாமியறை முருகனும் அச்சடித்த படம்தான். அந்த முகத்தை யாரோ ஒருவர் முதலில் மனதில் கண்டு கீறியிருக்க வேண்டும். அவருக்கும் ஒரு தகப்பன் இருந்திருப்பார். அந்தத் தகப்பன் அன்று வேண்டாம் என்று தடுத்திருந்தால், நான் இன்று எந்த முகத்துக்கு விளக்கேற்றுவேன்?

"வெள்ளிக்கிழமை வரைக்கும் நிக்காத, துஷா. பிரிவு மாறுறன் எண்டு இப்பவே ஃபோனில எழுதிப்போடு."

அவள் என்னையே பார்த்தாள். "அம்மா என்ன சொல்லுவா?"

"அம்மாவோட நான் கதைக்கிறன். நீ எழுது."