ஃபேனைக் கழற்றாமல் ஒரு வழி

மட்டாஞ்சேரி பஜாரின் நடுவில், போன ஓணத்துக்கு முந்தைய வாரம், பட்டப்பகலில் என் குரல் செத்துப்போனது.

தொண்டைக்கு ஒன்றுமில்லை. செத்தது கார் பாட்டரி!

நானும் என் கணவர் சங்கரனும் மைக் கார் ஓட்டிப் பிழைக்கிறவர்கள் என்பது இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். பழைய அம்பாசிடர். அவர் ஓட்டுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து மலையாளத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை அறிவிப்பேன். கூரைமேல் இரண்டு குழாய் ஸ்பீக்கர், உள்ளே ஆம்ப்ளிஃபையர், பாட்டுக்கு டேப் ரெக்கார்டர், அழகுக்குக் கலர் பல்புகள். மழைக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டால் உள்ளே வெந்துபோவோம் – அதனால் என் முகத்துக்கு நேரே ஒரு குட்டி ஃபேன். ஆசை ஆசையாக ஒவ்வொன்றாய் மாட்டினோம். இத்தனைக்கும் கரண்ட் எங்கிருந்து வரும் என்று யார் யோசித்தோம்?

அன்று ஒரு ஜவுளிக்கடையின் ஓண விற்பனை அறிவிப்பு. ஓணம் வரை தினமும் வேலை. வருஷத்திலேயே எங்களுக்குப் பெரிய வேலை அதுதான். சரியாக அந்தக் கடை வாசலில் டேப்பின் பாட்டு இழுக்க ஆரம்பித்தது... "புடவைகள், வேட்டிகள்" என்ற என் குரல் கரகரத்து, மெலிந்து, நின்றேவிட்டது. மிளகு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு அவர்களே வந்து காரைத் தள்ளினார்கள்.

கடை முதலாளி மம்மது இக்கா வெளியே வந்தார்.

"சேச்சி, இது ஓண விற்பனையா, மரண அறிவிப்பா? இனியும் இப்படின்னா நான் வேற வண்டி பார்த்துக்கும், கேட்டோ?"

தோப்பும்படி எலக்ட்ரீஷியன் ஆன்டனி பார்த்துவிட்டு, "வலிய பாட்டரி வெச்சா மதி, சேச்சி, பிரச்னமில்லை" என்றான். அவர்கள் பாஷையில் மதி என்றால் போதும். லாரிக்குப் போடுகிற மாதிரி பெரிய பாட்டரியாக வைத்தோம். மறுநாள் காலையில் தாங்கியது, மத்தியானம் தாண்டியது... சாயங்காலம் கூவப்பாடத்தில் மறுபடியும் கொட்டாவி. நல்லவேளை, இக்கா கண்ணில் படவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சங்கரன் சொன்னார்: "எதையாவது குறைச்சுக்கலாம் பாரு. முதல்ல உன் ஃபேனைக் கழட்டிடறேன்."

சுருக்கென்றது.

"ஏன், கலர் பல்பைக் கழட்டக்கூடாதா?"

"அது பார்க்க ஜோரா இருக்கே."

"டேப்?"

"பாட்டு இல்லாம ஆள் எப்படித் திரும்பிப் பார்க்கும்?"

"அப்போ அந்த வண்டியில நான் மட்டும்தான் கூடுதலா?"

நான் ஒன்றைக் கவனித்து வைத்திருந்தேன். பாலத்தில் வேகமாகப் போகும்போது டாஷ்போர்டு அம்மீட்டரின் முள் பிளஸ் பக்கம் சாயும், பாட்டரியில் சார்ஜ் ஏறும். அறிவிப்புக்காக நடை வேகத்தில் உருட்டினால் மைனஸ் பக்கம் விழும், சார்ஜ் இறங்கும். எங்கள் பிழைப்பே நடை வேகத்தில்தானே!

காலையில் முதல் ஆளாக ஆன்டனியிடம் போனேன்.

"ஏன் ஆன்டனி, குடம் பெரிசானா குழாய்ல தண்ணி கூடுதலா வருமா?"

தலையைச் சொறிந்தான். "வராது சேச்சி. இப்போ சார்ஜ் கொடுக்கற டைனமோவைக் களைஞ்சிட்டு ஆல்டர்னேட்டர் வெக்கணும். அது மெல்லப் போனாலும் சார்ஜ் கொடுக்கும். பக்ஷே ஒரு நாள் பணி. ஓணம் கழிஞ்சு செய்தா போராதா?"

"போராது. இன்னிக்கே."

வேலை நடக்கிற வாரத்தில் ஒரு நாள் லீவா? கையிலிருக்கிற வேலை போய்விடாதா? சங்கரனுக்கு உதறல். நானே கடைக்குப் போனேன்.

"இக்கா, இன்னிக்கு ஒரு நாள் விடுங்க. நாளைலேர்ந்து என் வாய் மூடாது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாளைக்கும் நின்னுபோனா, பின்னே இந்தப் பக்கம் வர வேண்டா."

எர்ணாகுளத்துக்குப் படகேறி ஆல்டர்னேட்டர் வாங்கி வந்தோம். அதை உட்கார வைக்கத் தனியாக ஒரு பிராக்கெட் அடித்தான் ஆன்டனி. மெல்லிய வயர்களை உருவிவிட்டுத் தடித்த வயராக இழுத்தான். சாயங்காலம் எஞ்சினை சும்மா ஓடவிட்டு, இருக்கிற சுவிட்சையெல்லாம் போட்டோம். முள் பிளஸ் பக்கம் சாய்ந்து நின்றது. சங்கரன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, ஆடிக்கொண்டிருந்த என் ஃபேனை அழுத்தி முடுக்கினார். மன்னிப்பெல்லாம் கேட்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

பற்றாக்குறை என்றதும் நமக்கு முதலில் தோன்றுவது என்ன? யாருடையதைக் குறைக்கலாம் என்பதுதான். வரவைக் கூட்ட வழி இருக்கிறதா என்று கடைசியில்தான் கேட்கிறோம் – அதற்குள் வீட்டில் ஒருத்திக்கு வியர்த்து ஊற்றிவிடுகிறது.

மறுநாள் பஜாரில் ஒரு லாரி குறுக்கே மாட்டிக்கொண்டது. இக்கா கடை வாசலில் அசைய வழியில்லாமல் நின்றோம். பாட்டு, பல்பு, ஃபேன், ஸ்பீக்கர் – எல்லாம் ஓடியது. நானும் ஓடினேன்! மலையாளத்தில், தமிழில், மறுபடி மலையாளத்தில்...

இக்கா வெளியே ஓடிவந்து இரண்டு கையையும் கூப்பினார்.

"சேச்சி, மதி! வந்த கஸ்டமர் கேக்கற விலை எனக்குக் கேக்கலை!"

பாட்டரி சொல்லாமல், ஒரு மனிதர் சொல்லி நான் நிறுத்தியது அன்றைக்குத்தான்.