வாயைப் பார்த்தவர்

போன குளிர்காலத்தில் ஒஸ்லோவில் ஒரு சிறிய அரங்கில் பழைய அமெரிக்க ஊமைப்படம் ஒன்றைக் காட்டினார்கள். நானும் மனைவியும் போயிருந்தோம். ஊமைப்படங்களில் பெயர் பெற்று, படங்கள் பேசத் தொடங்கியதும் காணாமற்போன ஒரு நடிகரின் கடைசிப் படம். எனக்குப் பக்கத்தில் இருந்த நோர்வேஜிய முதியவருக்குக் காது கேட்காது. நாம் கதைக்கும்போது அவர் கண்ணைப் பார்க்கமாட்டார், வாயையே பார்ப்பார். பல்லில் ஏதோ ஒட்டியிருக்கிறதென்று நினைத்து இரண்டு தரம் துடைத்துக்கொண்டேன்.

நாயகன் காதலியைக் கட்டிப்பிடித்து விடைபெறும்போது, 'நான் திரும்பி வருவேன்' என்று திரையில் எழுத்து வந்தது. முதியவர் இல்லையென்று தலையாட்டினார். படம் முடிந்ததும் ஏனென்று கேட்டேன்.

"அவர் அப்படிச் சொல்லவில்லை. 'என் குரல் சரியில்லையாம், இனி என்னைக் கூப்பிடமாட்டார்கள்' என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார்" என்றார். இளமையில் அமெரிக்காவில் வேலை பார்த்தாராம். ஆங்கிலத்தை உதட்டிலேயே வாசிப்பாராம்.

எவ்வளவு வசதியான கதை. நடிகரும் இல்லை, நடிகையும் இல்லை. யாரிடம் போய்க் கேட்பது?

வெளியே வந்ததும் கழுத்துச் சால்வையை மூக்குவரை இழுத்துவிட்டு, மனைவியிடம் தமிழில் சொன்னேன்: "மனுசன் நல்லாப் புளுகுறார்."

"அவர் ஏன் புளுகவேணும்? நீங்கள் ஆரைத்தான் நம்பினனீங்கள்?" என்றாள் அவள்.

எதிரே கையுறை மாட்டிக்கொண்டிருந்த முதியவர் அவளுடைய வாயைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, நோர்வேஜிய மொழியில் சொன்னார்:

"உங்கள் மனைவி என்னை நம்புகிறார்."

அவருக்குத் தமிழ் தெரியாது. தெரியாதென்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.