கேட்காது என்று நினைத்துப் பேசியது

ஞாயிறு மாலை நான்கு பத்துக்குச் சத்தம் போனது. தவறு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்று இப்போது தெரிகிறது. ஆனாலும் மனம் அந்த நான்கு பத்தைத்தான் போய்த் தொட்டுத் தொட்டுத் திரும்புகிறது.

மகள் விரும்பிய பையன் முட்டத்துக்காரன், பெங்களூரில் அவளுடைய அலுவலகத்திலேயே வேலை. இரண்டு குடும்பமும் கத்தோலிக்கர்தான்; ஒரே சபை, ஒரே பூசை. ஆனால் அவர்கள் கடற்கரை மீனவர்கள். நாங்கள் தக்கலையில் ரப்பர் தோட்டமும் சொந்த வீடும் உள்ளவர்கள். கணவர் இறந்த பிறகு அந்தக் கௌரவத்தை நான் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் அவர்கள் வீடு. நான் போகவும் இல்லை, அவர்களை வர விடவும் இல்லை. "வீடியோவில ஒரு தடவை அவன் அம்மாட்ட பேசும்மா, அது போதும்" என்று மகள் கெஞ்சினாள். சரி என்றேன்.

என் பழைய லேப்டாப்பில் அவள்தான் லினக்ஸ் போட்டுத் தந்திருந்தாள். காலையில் பூசை முடிந்து வந்ததும் கேமரா, மைக், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு, "இனி ஒண்ணையும் தொடாத" என்றாள். நான் தொட்டேன். அவர்கள் வீட்டைப் பெரிதாகப் பார்க்க வேண்டுமென்று டிவியிலிருந்து ஒரு கேபிளைக் கொண்டுவந்து லேப்டாப்பில் செருகினேன். அழைப்பு வந்தபோது டிவியில் படம் தெளிவாக விழுந்தது. சத்தம் மட்டும் எங்கேயோ போய்விட்டது.

பையனின் அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். போனை நிறுத்திவைத்துவிட்டு மகன் வெளியே போயிருக்க வேண்டும். பட்டுச்சேலை, படிய வாரிய தலை. உதடுகள் அசைந்தன, ஒன்றும் கேட்கவில்லை.

"சத்தம் வேற பக்கம் போயிருக்கு. மாத்துகேன், சும்மா இரி" என்று மகள் செட்டிங்ஸைத் திறந்தாள்.

நான் சும்மா இருக்கவில்லை. பழைய டெலிபோனில் லைன் போனால் இரண்டு பக்கமும் போகும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பேசினேன்.

"சேலையப் பாரு. யாருட்டயோ இரவல் வாங்கினதாக்கும்."

"அம்மா, இரி."

"செவரு பூரா ஈரம். இந்த வீட்டுலயா போய்க் கெடக்கப் போற? கல்யாணத்துக்கு வந்தா நம்ம ஆளுவ மூக்கப் பொத்திட்டுல்லா இருப்பாவ."

அந்த அம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது. படம் உறைந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அவருக்குப் பின்னால் மேசை விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

செட்டிங்ஸில் மைக்குக்கு நேரே ஒரு பச்சைக் கோடு. நான் பேசும்போதெல்லாம் அது எகிறியிருக்கிறது. மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாம பேசுறது போவுதும்மா" என்றாள். "அவியளுக்கு முதல்ல இருந்தே கேக்குது."

பிறகு அழுதுகொண்டே கேமராவை நிமிர்ந்து பார்த்தாள். அந்த அம்மா கையை நீட்டினார். விரல்கள் திரையை மறைத்தன; அழைப்பு முடிந்தது.

கேட்காது என்று நினைத்துத்தானே சொன்னேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அதுதான் இன்னும் கேவலம். டீச்சராக இருந்து, அடுத்தவரைப் பழிக்கக் கூடாதென்று வகுப்பில் பிள்ளைகளை எழுப்பி நிறுத்திக் கண்டித்தவள் நான்.

"போன் பண்ணி மன்னிப்பு கேக்கட்டா?" என்றேன் மகளிடம்.

"நீ பேசினது போதும். செவ்வாக்கிழம பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டாச்சு. இனி நான் இங்க வரமாட்டேன்."

இரண்டு நாளும் அவள் எனக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிடவில்லை.

செவ்வாய் மதியம் அவள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது கேட் திறந்தது. பையனின் அம்மா நின்றார். துணைக்கு யாரும் இல்லை. பேருந்து நிறுத்தத்திலிருந்து வெயிலில் நடந்து வந்ததில் முகமெல்லாம் வியர்த்திருந்தது. நான் கைகூப்பினேன்.

"டீச்சரே, நீங்க செல்லினது எல்லாம் எனக்குக் கேட்டுது" என்றார். குரல் உயரவில்லை. "மோனுக்குத் தெரியாது. லைன் கெட்டுப்போச்சுண்ணு செல்லியிருக்கேன். உங்க பிள்ள அழுதுட்டு எனக்க மொகத்தப் பாத்துது. அதுக்கு வேண்டித்தான் வந்தேன். உங்களுக்க மனசு மாறுமாண்ணு நான் கேக்கல்ல. எங்க வீட்டுல ஆரும் இந்தப் பிள்ளையளுக்குக் குறுக்க நிக்கமாட்டோம். நீங்க குறுக்க நிப்பியளா, அத மட்டும் செல்லுங்க."